எங்கள் ஒழுங்கைப் பூங்காவில் கல் பதிக்கப் போகிறார்கள், மரங்களில் சிவப்புப் பெயின்ற் அடித்தாயிற்று

ஒழுங்கைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் டச்சுக் குடாப் பக்கம், கடற்கரையில் இருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே தள்ளி எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. நாலு பஸ் வரிசையாக நிறுத்தினால் நிரம்பிவிடும், அவ்வளவுதான். ஒரு பெரிய வாகை, இரண்டு பூவரசு, மூலையில் ஒரு கொட்டங்காய் மரம், இருப்பதற்கு மூன்று கொங்கிரீட் வாங்கு, இரண்டு ஊஞ்சல் தொங்க வேண்டிய சட்டத்தில் ஒன்று. சறுக்குமரம் கறள் பிடித்து அடியில் ஓட்டை விழுந்துவிட்டது, அதில் யாரும் பிள்ளைகளை ஏற விடுவதில்லை.

போன கிழமை நாடாவோடு வந்து அளந்தார்கள். விசாரித்தால், முழு நிலத்துக்கும் இன்டர்லொக் கல், சுற்றிவர இரும்பு வேலி, நடுவில் உடற்பயிற்சி மெசின் ஆறு என்கிறார்கள். வாகையிலும் ஒரு பூவரசிலும் சிவப்புப் பெயின்றால் வட்டம் போட்டிருக்கிறது. வட்டம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்போது கச்சான் காற்று வீசுகிற காலம். பத்து மணிக்கே ஒழுங்கையில் நிற்க முடியவில்லை, மேற்கில் இருந்து வருகிற காற்று அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கிறது. அந்த நேரத்தில் பூங்காவைப் பார்த்தால் விளங்கும். ஓட்டோக்காரர் நாலு பேர், கச்சான் கடலைக் கூடையோடு ஒரு அம்மா, பள்ளி விட்டு வான் வரும்வரை நிற்கிற பிள்ளைகள், எல்லோரும் வாகைக்குக் கீழேதான். நிழல் நகர நகர அவர்களும் வாங்கை விட்டு வேரில், வேரை விட்டு மதிலோரம் என்று நகருவார்கள். வெயிலில் கிடக்கிற மற்ற இரண்டு வாங்கிலும் பகலில் ஒருவரும் இருந்து நான் கண்டதில்லை.

நகருக்குள் ஏற்கெனவே கல் பதித்த ஒரு இடத்துக்கு மகளைக் கூட்டிப் போனேன். மணல் என்ற பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள், பத்தடி போகவில்லை, அழுதுகொண்டு என் காலில் ஏறி நின்றாள். பின்னேரம் நாலரை மணி அப்போது.

அடுத்த மாதம் ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பஸ்ராண்டடி:
தம்பி, நான் கொஞ்சம் மாறிக் கதைக்கிறேன், கோபிக்க வேண்டாம். என் அம்மாவுக்கு எண்பது வயது. வோக்கரோடு அந்த மணலில் அவரால் இரண்டு அடி வைக்க முடியாது, சக்கரம் புதைந்துவிடும். மார்கழியில் மழை விட்டு மூன்று நாளைக்கு ஒரே சேறு. போன வருடம் அந்த வேர் இடுக்கில் ஒரு புடையன் பாம்பு கிடந்ததை நானே பார்த்தேன். கல் போட்டால் துப்பரவாக இருக்கும், இரவிலும் நடக்கலாம். மரம் முக்கியம்தான், ஆனால் பூங்கா பகல் பன்னிரண்டு மணிக்கு நிற்பவர்களுக்கு மட்டும் இல்லையே.

ஒழுங்கைக்காரன்:
அக்கா, இதில் கோபிக்க ஒன்றும் இல்லை, வோக்கர் விஷயம் எனக்கு உண்மையிலேயே தோன்றவில்லை. கேற்றில் இருந்து வாங்கு வரைக்கும் ஒரு பாதை என்றால் நான் முழுச் சம்மதம். முழு நிலத்தையும் மூடுவதுதான் எனக்குப் பயம்.

பழைய கிணறு:
நான் தண்ணீர் வழங்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். மரத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும், நான் தரையைப் பற்றிச் சொல்கிறேன், அதை யாரும் யோசிப்பதில்லை.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் நல்ல தண்ணீர் எப்படி நிற்கிறது? கீழே கடல் தண்ணீர் ஊறிக் கிடக்கிறது. மேலே மணலில் இறங்கிய மழைத் தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் அதற்கு மேலே ஒரு தட்டுப் போல மிதக்கிறது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். அதனால்தான் ஆவணி மாதத்தில் மோட்டார் போட்டு இறைக்க இறைக்கக் கிணறு உவர்க்கிறது.

அந்தத் தட்டை நிரப்புவது வருடத்தில் ஒரு தடவைதான். ஐப்பசி முதல் தை வரை வருகிற வடகீழ்ப் பருவ மழை. மற்ற மாதங்களில் பெய்வது காய்ந்த மண்ணை நனைக்கவே போதாது. இந்த நாலு மாதமும் தண்ணீர் இறங்குவதற்கு ஊருக்குள் மிச்சம் இருக்கிற மணல் தரை எவ்வளவு? வீட்டு வளவெல்லாம் சீமெந்து, ஒழுங்கையெல்லாம் கொங்கிரீட். பள்ளி மைதானங்களும் கோயில் வீதிகளும் இந்த மாதிரிச் சின்னப் பூங்காக்களும்தான் மிச்சம். அதையும் கல்லால் மூடினால் மழை வாய்க்காலில் விழுந்து நேரே கடலுக்குப் போகும். கல்லுக்கு இடையில் இடைவெளி இருக்கிறதே என்பார்கள். கீழே கல்தூள் போட்டு இடித்து இறுக்கிவிட்டுத்தான் பதிக்கிறார்கள், முதல் மழைக்குப் பிறகு அந்த இடைவெளியும் அடைபட்டுவிடும்.

2004 மார்கழி 26-க்குப் பிறகு கரையோரக் கிணறுகளுக்கு என்ன நடந்தது என்று வயதானவர்களைக் கேளுங்கள். கடல் ஏறின கிணறுகளை இறைத்து இறைத்துத் துப்பரவாக்கினோம். சில இடத்தில் அவசரப்பட்டு அளவுக்கு மீறி இறைத்ததில் கீழே இருந்த உப்பும் மேலே வந்தது. கடைசியில் திருத்தியது மழைதான், அதுவும் ஒரு மழை இல்லை, பருவத்துக்கு மேல் பருவம் வந்து மணலைக் கழுவியது. மணல் திறந்து கிடந்தபடியால் கழுவியது.

கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். பூங்காவுக்குப் பக்கத்துப் பத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் இப்போதே நாக்கில் வைத்துப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

ஒழுங்கைக்காரன்:
ஐயா, நன்றி. இப்படி யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. எங்கள் கிணறு வைகாசி வரை குடிக்கலாம், இப்போது பல் தீட்டினாலே தெரிகிறது.

பாலையூற்றுக் கன்றுக்காரி:
நான் கன்று போட்டு விற்கிறவள், இருபது வருடமாக. வாகையைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் குடைமாதிரி விரியும் வாகை நல்ல நிழல், ஆனால் கொப்பு பலமில்லை. ஈரத்தில் பாரம் ஏறி, வாடைக் காற்றுக்கு முறிந்து விழும். அதைக் காட்டித்தான் வெட்டுவார்கள். நீங்கள் முந்திக்கொண்டு, புரட்டாதிக்குள் காய்ந்த கொப்பையும் ஒழுங்கைப் பக்கம் நீட்டி நிற்கிற கொப்பையும் கழித்துத் தரச் சொல்லுங்கள். கழித்த மரத்துக்கு வட்டம் போட ஒருவருக்கும் நியாயம் இருக்காது.

பூவரசை ஏன் வெட்டுகிறார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. கடல் உப்புக்கும் மணலுக்கும் என்றே பிறந்த மரம். எங்கள் கரைக்குத் தோதானவை என்று கேட்டால் பூவரசு, புன்னை, கொட்டங்காய், கொஞ்சம் உள்ளுக்கு என்றால் வேம்பு. புன்னை ஆறுதலாக வளரும், ஆனால் உங்கள் பேரப்பிள்ளை காலம் வரை நிற்கும். கொட்டங்காய் தட்டுத் தட்டாக விரிந்து சீக்கிரம் நிழல் தரும், இலை சிவந்து கொட்டும்போது கூட்டுகிறவர்கள் முறைப்பார்கள், இரவில் வௌவால் கொட்டையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக் கூரையில் போடும். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் வைக்க வேண்டும்.

புதிதாக வைக்கிறதென்றால் எங்கள் ஊரில் ஒரு பெரிய பிரச்சினை இருக்கிறது, வெளியூர்க்காரர் சொன்னால் நம்ப மாட்டார்கள். மான்.

ரொறன்ரோத் திருமலை:
மான்! அக்கா, இன்னும் பஸ்ராண்டில் படுக்கிறதா? என் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் அப்பா கதை விடுகிறார் என்கிறார்கள்.

பாலையூற்றுக் கன்றுக்காரி:
படுக்கிறது தம்பி. பகலில் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் நிற்கும், இரவானால் ஊருக்குள் வரும். சாப்பாட்டுக் கடை வாசல், சந்தைப் பக்கம், எங்கும் புள்ளிமான்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நான் வைத்த கன்றுகளில் எத்தனையை ஒரு இரவில் மொட்டையாக்கி இருக்கிறது தெரியுமா? இளம் தளிர் முழுக்கத் தின்னும். தின்னாததைக் கலைமான், அதாவது ஆண் புள்ளிமான், கொம்பை உரசித் தோலை உரித்துவிடும், தோல் போன கன்று ஒரு கிழமையில் காய்ந்துபோகும். அதற்காகத்தான் இரும்பு வேலி போடுகிறோம் என்று சொல்லப் போகிறார்கள், பாருங்கள்.

திருக்கடலூரான்:
வேலி போட்டால் மான் வேறு எங்கே போகும்? குப்பைக்குத்தான் போகும். இப்பவே அங்கேதான் தின்கிறது. இரண்டு வருடத்துக்கு முதல் எங்கள் பக்கம் கடற்கரையில் ஒரு பெட்டை மான் விழுந்து கிடந்தது. வயிறு ஊதி, விலா எலும்பு எண்ணலாம் போல மெலிந்து. மிருக வைத்தியர் வந்து வெட்டிப் பார்த்தார், நான் பக்கத்தில் நின்றேன். வயிற்றுக்குள் இருந்து பொலித்தீன் ஒரு தேங்காய் அளவுக்கு உருண்டையாக வந்தது. சோறு சுற்றுகிற லஞ்ச் சீற், சொப்பிங் பை, மீன் கட்டின நூல், எல்லாம் சேர்ந்து கயிறு மாதிரி முறுகி. அசைபோடுகிற மிருகத்துக்கு அது கீழே இறங்காதாம், முதல் வயிற்றிலேயே தங்கிவிடுமாம், வயிறு நிறைந்த மாதிரி இருப்பதால் புல்லும் தின்னாமல் பட்டினியில் செத்துவிடுமாம். 2017 செப்டெம்பரில் லஞ்ச் சீற்றைத் தடை செய்தார்கள், அப்படியிருந்தும் அந்த மானின் வயிற்றுக்குள்ளே அது இருந்தது.

அதனால் என் கருத்து, பூங்காவில் எதைச் செய்தாலும் முதலில் மூடி போட்ட, மான் தலை நுழைக்க முடியாத குப்பைத் தொட்டி. வாய் உயரமாக, குறுகலாக. இப்போது இருப்பது சரிந்து கிடக்கிற ஒரு பீப்பாய், அது மானுக்குச் சாப்பாட்டுத் தட்டு வைத்த மாதிரி.

ஜமாலியாவில் இருந்து:
நான் அந்தப் பூங்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் வருகிறவள், உங்களில் சிலரைக் கண்டும் இருப்பேன். உம்மாவைக் கூட்டிக்கொண்டு பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வருவோம், பொழுது பட்டதும் சொல்கிற மஃரிப் பாங்குக்கு முதல் எழும்பி ஓட வேண்டியிருக்கும். ஏன் தெரியுமா? இரண்டு காரணம். ஒன்று லைற். கேற்றடியில் இருக்கிற ஒரே லைற்றும் ஆறு மாதமாக எரியவில்லை. இரண்டாவது, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், கழிப்பறை இல்லை. பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் வருகிற பெண்கள் எல்லோரும் தண்ணீர் குடிக்காமல் வந்து தண்ணீர் குடிக்காமல் போகிறோம், இந்தக் கச்சான் வெயிலில்.

உடற்பயிற்சி மெசின் ஆறு வாங்குகிற காசுக்கு ஒரு கழிப்பறையும் ஒரு குழாயும் கட்ட முடியாதா? கூட்டத்தில் இதை ஆண்கள் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் நானே வருகிறேன். இன்னும் மூன்று நாலு பேரைக் கூட்டி வருகிறேன்.

இன்னொன்று. எங்கள் பிள்ளைகள் படிப்பது வேறு வேறு பள்ளிக்கூடம், வேறு வேறு மொழி. அந்த ஒற்றை ஊஞ்சலில்தான் மூன்று இனத்துப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள். பத்துத் தரம் ஆடிவிட்டு இறங்க வேண்டும் என்று அவர்களாகவே ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள், எண்ணுவது சிலநேரம் தமிழில், சிலநேரம் சிங்களத்தில். எண்ணுகிற குரல் கேட்க எனக்கு அவ்வளவு விருப்பம்.

ஒழுங்கைக்காரன்:
அக்கா, கட்டாயம் வாருங்கள். கழிப்பறையைக் கடிதத்தில் முதலாவதாக எழுதுகிறேன்.

ரொறன்ரோத் திருமலை:
நான் அந்த ஒழுங்கையில் பதினெட்டு வயது வரை இருந்தவன். 2006 ஜனவரி 2-ஆம் திகதி காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்களே, அதற்குப் பிறகு அம்மா என்னைக் கடற்கரைக்கு விடவே இல்லை. வீட்டுக் கேற்றில் இருந்து பார்த்தால் தெரிகிற இடம் என்று அந்தப் பூங்கா மட்டும்தான் அனுமதி. ஒரு வருடம் முழுக்க என் உலகம் அந்த வாகைக்குக் கீழே இருந்தது. நண்பர்கள் மூன்று பேர், ஒரு கரம் போர்ட், ஒரு பழைய சஞ்சிகைக் கட்டு. கடல் இரைகிற சத்தம் கேட்கும், போக முடியாது. அதனால் அந்த மரத்தில் சிவப்பு வட்டம் என்று வாசித்ததும் எனக்குக் கை நடுங்கியது.

இங்கே நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஏதாவது செய்ய விரும்புகிறோம். ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் இங்கிருந்தே நல்லதாக வாங்கி அனுப்பட்டுமா? பச்சைப் புல் விரிப்பும் போடலாம் என்று ஒரு யோசனை.

திருக்கடலூரான்:
அண்ணா, மனதுக்கு நன்றி, ஆனால் புல் விரிப்பு வேண்டவே வேண்டாம். பிளாஸ்ரிக் அது, கல்லை விட மோசமாகக் கொதிக்கும், மான் கடித்து இழுக்கும்.

இரும்பைப் பற்றி நான் சொல்கிறேன், நான் வெல்டிங் வேலை செய்கிறவன், கரையில் படகுக்கும் வேலை செய்கிறேன். எங்கள் காற்றில் உப்பு வருகிறது. நாகம், அதாவது துத்தநாகம், பூசின குழாய் என்று வாங்குவோம், நல்லதுதான், ஆனால் வெல்ட் பிடிக்கிற இடத்தில் சூட்டுக்கு அந்தப் பூச்சு எரிந்துபோகும். கறள் தொடங்குவது எப்போதும் அந்த மூட்டில்தான். உங்கள் ஊஞ்சல் சட்டத்தைப் போய்ப் பாருங்கள், நடுக் குழாய் சும்மா இருக்கும், மூட்டு மட்டும் அரித்திருக்கும். எல்லாம் வெட்டி ஒட்டி முடித்துவிட்டுக் கடைசியில் நாகத்தில் தோய்த்து எடுத்தால் பல வருடம் நிற்கும். கறள் பிடியா இரும்பு என்றாலும் 304 என்கிற ரகத்தை வாங்கினால் கரையில் புள்ளி புள்ளியாகப் பழுப்பு ஏறும், 316 என்று கேட்க வேண்டும், விலை கூட. இதையெல்லாம் விட ஊஞ்சலுக்கு நல்ல மரச் சட்டமும் நைலோன் கயிறும் போதும், கயிற்றை வருடத்துக்கு ஒருமுறை நான் மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம்.

வாங்கும் அப்படித்தான். இரண்டாவது வாங்கு வெடித்துக் கம்பி தெரிகிறது. உள்ளே உப்பு இறங்கிக் கம்பி கறள் பிடித்து ஊதினால் கொங்கிரீட் பிளக்கும். கடல் மணலைக் கழுவாமல் கலந்திருந்தால் இன்னும் கெதியாகப் பிளக்கும். கருங்கல்லில் இரண்டு திண்ணை கட்டினால் உங்கள் பேரனும் அதில்தான் இருப்பான்.

பஸ்ராண்டடி:
திண்ணைக்கு முதுகு சாய ஏதாவது வேண்டும் தம்பி. வயதானவர்களுக்கு எழும்பப் பிடிக்க ஒரு கைபிடியும். இதை மறக்க வேண்டாம்.

திருக்கடலூரான்:
செய்வோம் அக்கா. கைபிடி 316-லேயே போடுவோம், இரண்டு அடிதானே.

பாலையூற்றுக் கன்றுக்காரி:
மானுக்கு வழி சொல்லாமல் விட்டுவிட்டேன். யாரோ பழைய மீன் வலையைக் கன்றைச் சுற்றிக் கட்டலாம் என்று முன்பு சொன்னார்கள். செய்ய வேண்டாம். கலைமான் கொம்பு வலையில் மாட்டி, முழு இரவும் உழன்று கிடந்ததை நான் கண்டிருக்கிறேன்.

பூவரசுக்கு வேலியே தேவையில்லை. கதியாலாக, அதாவது வேரில்லாத கொப்பாக நடுங்கள். கை மொத்தத்தில், எட்டடி உயரத்தில் ஒரு போத்து வெட்டி, இரண்டடி மண்ணுக்குள் போனால் மிச்சம் ஆறடி. தளிர் விடுவது உச்சியில், மான் பின்னங்காலில் எழும்பினாலும் இலேசில் எட்டாது. தண்டைக் கொம்பால் உரசாமல் இருக்கப் பனம் மட்டையை அதன் கூரான கருக்கு வெளியே பார்க்கிற மாதிரி நாலு பக்கமும் நிறுத்தித் தும்புக் கயிற்றால் கட்டினால் ஒருதரம் உரசிய மான் மறுதரம் வராது. நாங்கள் ஆட்டுக்குச் செய்வதும் இதுதான்.

புன்னைக்கும் கொட்டங்காய்க்கும் கன்றுதான் வைக்க வேண்டும், அதற்குக் கம்பிக் கூடு நெஞ்சு உயரத்துக்கு வேண்டும். குழி மூன்றடி ஆழம். அடியில் தேங்காய்ப் பொச்சு மட்டையைக் குழிவான பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு, அதற்கு மேல் எருவும் மணலும். மணலில் ஊற்றுகிற தண்ணீர் நிற்காது, பொச்சுதான் பிடித்து வைக்கும். கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண் முட்டியைக் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால் கச்சான் காலத்தில் மூன்று நாலு நாளைக்கு ஒருதரம் நிரப்பினால் போதும், அது தானாகக் கசிந்து வேரைத் தேடிப் போகும். கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிற மாதத்தில் அதை ஊற்ற வேண்டாம், நல்ல தண்ணீர் ஒரு வாளி போதும்.

நடுகிற நேரம் ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு. அதற்கு முன் நட்டால் கச்சானுக்கு வேகும், மார்கழியில் நட்டால் வாடை சாய்த்துவிடும்.

ஒழுங்கைக்காரன்:
கூட்டம் முடிந்து வருகிறேன், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் முப்பத்தொரு பேர் போனோம். ஜமாலியா அக்காவோடு ஆறு பெண்கள் வந்திருந்தார்கள். அவர் எழும்பிக் கழிப்பறை விஷயத்தைச் சொன்னதும் ஒரு நிமிடம் ஒருவரும் கதைக்கவில்லை, அப்புறம் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவரே அது நியாயம் என்றார். ஐயா சொன்ன 40 அடிக் கணக்கை நான் பலகையில் கீறிக் காட்டினேன். பத்துக் கிணற்றுத் தண்ணீரையும் சோடாப் போத்தலில் பெயர் ஒட்டிக் கொண்டுபோய் மேசையில் வைத்தோம், வந்திருந்த அதிகாரி ஒருவர் ஒன்றைக் குடித்துப் பார்த்துவிட்டுப் போத்தலை மெல்லத் தள்ளி வைத்தார்.

முடிவு என்னவென்றால், கல் முழு நிலத்துக்கும் இல்லை. கேற்றில் இருந்து வாங்குகளைச் சுற்றி நாலரை அடி அகலப் பாதை மட்டும், வோக்கரும் சக்கர நாற்காலியும் போகிற மாதிரி. மிச்சம் மணலாகவே இருக்கும். வாகை நிற்கும், கொப்பு கழிப்பார்கள். இரண்டு லைற், ஒரு குழாய், மூடித் தொட்டி இந்த வருடமே. கழிப்பறை அடுத்த வருடக் கணக்கில் என்கிறார்கள், அதை எழுத்தில் தரச் சொல்லி இருக்கிறோம், இன்னும் வரவில்லை. மெசின் ஆறு இரண்டாகக் குறைந்தது.

பூவரசைக் காப்பாற்ற முடியவில்லை. பாதை வருகிற இடத்தில் நிற்கிறது, வளைத்துப் போக மதில் விடவில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மன்னியுங்கள்.

பாலையூற்றுக் கன்றுக்காரி:
தம்பி, வெட்டுகிற அன்றைக்கு எனக்கு முதல் நாளே சொல்லுங்கள். கை மொத்தக் கொப்பு எல்லாவற்றையும் நான் ஏற்றிக்கொண்டு போய் நிழலில் ஈரச் சாக்கில் சுற்றி வைக்கிறேன். அந்த ஒரு மரத்தில் பன்னிரண்டு கதியால் தேறும்.

ஒழுங்கைக்காரன்:
வருகிற புதன் வெட்டுகிறார்களாம். மழையும் நேற்று இரவு முதல் தரம் பெய்தது, முக்கால் மணித்தியாலம், முற்றத்து மணல் அப்படியே குடித்துவிட்டது.

பாலையூற்றுக் கன்றுக்காரி:
அப்ப சரியான நேரம். புதன் ஏற்றுகிறேன், சனி காலை ஆறரைக்கு நடுவோம். அலவாங்கு இரண்டு என்னிடம் இருக்கிறது. பனம் மட்டை யாராவது கொண்டு வர வேண்டும்.

திருக்கடலூரான்:
மட்டை என் பொறுப்பு. பொச்சும் கொண்டு வருகிறேன்.

பஸ்ராண்டடி:
நான் எல்லோருக்கும் பிளேன்ரீயும் இறால் வடையும் கொண்டு வருவேன். அம்மாவும் வருகிறா, ஒரு கதியாலை அவ கையால் பிடித்து நட வேண்டுமாம்.

ஜமாலியாவில் இருந்து:
வீட்டில் பழைய மண் முட்டி நாலு கிடக்கிறது, ஒன்றில் மட்டும் விளிம்பு உடைந்திருக்கிறது, அது பரவாயில்லையா?

பாலையூற்றுக் கன்றுக்காரி:
பரவாயில்லை தங்கச்சி, விளிம்பு மண்ணுக்கு மேலேதானே நிற்கும். அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.